சிற்றூர் மருத்துவமனைகளும் தொழில்சார் பொறுப்புக் காப்பீடும்: பாவூர்சத்திரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் கவனக்குறைவு குறித்த இந்தியச் சட்டம் கடந்த முப்பது ஆண்டுகளில் இரு திசைகளில் வளர்ந்துள்ளது. நோயாளி நுகர்வோராக ஏற்கப்பட்டது ஒன்று. தனி மருத்துவர் மீதிருந்த பொறுப்பு, அவரைப் பணியமர்த்திய மருத்துவமனை மீது நகர்ந்தது மற்றொன்று. பெருநகர மருத்துவமனையில் மருத்துவரும் நிறுவனமும் வேறு வேறு. சிற்றூர் நர்சிங் ஹோமில் இருவரும் ஒருவரே. ஆகவே தனி மருத்துவருக்கென வகுக்கப்பட்ட காப்பீட்டுப் பத்திரம் சிற்றூரில் முழுப் பாதுகாப்பாக அமைவதில்லை. தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரம் போன்ற ஊரின் மருத்துவச் சூழலை முன்னிறுத்தி, தொழில்சார் பொறுப்புக் காப்பீட்டின் சட்ட அடித்தளம், அமைப்பு, இடைவெளிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இக்காப்பீடு மருத்துவரின் சொத்தைக் காப்பதோடு, பாதிக்கப்பட்ட நோயாளிக்குத் தீர்ப்புத் தொகை உண்மையில் கைக்கு வந்து சேர்வதற்கான வழியாகவும் உள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: மருத்துவக் கவனக்குறைவு, பொறுப்புக் காப்பீடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பதிலிப் பொறுப்பு, ஒப்புதல், பாவூர்சத்திரம்.

1. முன்னுரை

திருநெல்வேலி – தென்காசி சாலையில், தென்காசிக்குக் கிழக்கே அமைந்துள்ள ஊர் பாவூர்சத்திரம். கீழப்பாவூர் ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இவ்வூர் காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. வேளாண்மையும் பீடி சுற்றும் தொழிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் வாழ்வாதாரங்கள். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கப்படும் வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மாவட்டம் பிரிந்த பின்னரும், கடினமான நோய்களுக்கு இப்பகுதி மக்கள் நாடும் பெரிய அரசு மருத்துவமனை, ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே.

இவ்வகைச் சந்தை ஊர்களில் மருத்துவத்தின் பெரும்பகுதி சிறிய நர்சிங் ஹோம்களிலும் கிளினிக்குகளிலும் நடைபெறுகிறது. உரிமையாளரே மருத்துவர், கட்டடமும் கருவிகளும் அவர் பெற்ற வங்கிக் கடனில் அமைந்தவை. மகப்பேறு, குடல்வால் அறுவை, எலும்பு முறிவு போன்றவற்றுக்கு அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் அருகிலுள்ள நகரிலிருந்து வந்து செல்வர். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர் என ஒரு சிலரே நிலையாக இருப்பர். இந்த அமைப்பில் ஒரு நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாரைச் சேரும், இழப்பீட்டை யார் தருவர், காப்பீடு எந்த அளவு கைகொடுக்கும் என்னும் வினாக்கள் மருத்துவருக்கு மட்டும் உரியவை அல்ல. வருவாய் ஈட்டும் ஒருவரை இழந்த குடும்பத்திற்கும் அவை வாழ்வுச் சிக்கல்களே.

2. பொறுப்பின் சட்ட அடித்தளம்

மருத்துவர் நோயாளியை ஏற்றுக்கொள்ளும்போதே சில கடமைகள் உருவாகின்றன. அந்நோயாளியை ஏற்பதா என முடிவு செய்வதிலும், எச்சிகிச்சை அளிப்பதென முடிவு செய்வதிலும், அச்சிகிச்சையை நடத்துவதிலும் உரிய கவனம் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1969ஆம் ஆண்டிலேயே வரையறுத்தது. எனினும் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் செலவும் காலமும் எளிய மக்களைத் தடுத்தே வந்தன.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. மருத்துவம் அச்சட்டம் கூறும் 'சேவை' ஆகுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வேறுபட்டன. நோயறிதலும் சிகிச்சையும் அச்சட்டத்திற்குள் வாரா எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் கருதியது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவம் சேவையே. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாக அளிக்கும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோரே. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாக அளிக்கும் இடம் மட்டுமே விலக்குப் பெறும் என அது வகுத்தது. நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தினாலும் அது கட்டணச் சேவையே என்றும் அத்தீர்ப்பு கூறியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையுடன் தனியார் மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் நிலையை ஆராயும்போது இக்கருத்து கவனத்திற்குரியது. கையிலிருந்து பணம் தராததால் அவருடைய உரிமை குறைந்துவிடாது என்பதே இத்தருக்கத்தின் விளைவு.

2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'மருத்துவம்' என்னும் சொல் வெளிப்படையாக இடம்பெறவில்லை. இதனால் மருத்துவர்கள் விலக்குப் பெற்றுவிட்டனர் என்னும் வாதம் எழுந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. வழக்கறிஞர் தொழில் பற்றிய 2024 மே மாதத் தீர்ப்பொன்று சாந்தா தீர்ப்பை மறுஆய்வு செய்ய வேண்டும் எனக் குறிப்பிட்டது. அதற்குத் தேவையில்லை என மூவர் அமர்வு 2024 நவம்பர் 7 அன்று முடித்துவைத்தது. எனவே மருத்துவரின் நுகர்வோர் சட்டப் பொறுப்பு இன்றும் தொடர்கிறது.

புதிய சட்டத்தின் மூன்று கூறுகள் சிற்றூர் மருத்துவருக்கு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, ஆணையத்தின் வரம்பு கோரப்படும் இழப்பீட்டைக் கொண்டன்றி, செலுத்தப்பட்ட கட்டணத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2021 டிசம்பர் இறுதியில் வெளிவந்த விதிகளின்படி ரூ.50 லட்சம் வரை கட்டணம் செலுத்தப்பட்ட முறையீடுகள் மாவட்ட ஆணையத்திற்கு உரியன. ரூ.30 ஆயிரம் கட்டணத்தில் நடந்த மகப்பேற்றுக்கு ஒரு கோடி ரூபாய் இழப்பீடு கோரினாலும் முறையீடு மாவட்ட ஆணையத்திற்கே செல்லும். இரண்டாவது, செலுத்திய கட்டணம் ரூ.5 லட்சம் வரை எனில் முறையீட்டுக் கட்டணம் இல்லை. மூன்றாவது, நோயாளி தாம் வாழும் ஊரின் ஆணையத்திலேயே முறையிடலாம். செங்கோட்டைக் கணவாய் வழியே கேரளத்திலிருந்து தென்காசி வட்டாரத்திற்கு வந்து சிகிச்சை பெறும் ஒருவர் கொல்லத்தில் முறையிடவும், மருத்துவர் அங்கு சென்று எதிர்வாதம் செய்யவும் நேரலாம். நோயாளிக்கு இவை தேவையான எளிமைகள். மருத்துவருக்கோ எதிர்வாதச் செலவையும் காப்பீட்டுத் தேவையாகக் கருதவேண்டிய சூழல்.

3. தனியாளிடமிருந்து நிறுவனத்திற்கு: பொறுப்பின் நகர்வு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து மருந்தை இயற்றுபவரையும் அது சேர்த்தே எண்ணுகிறது. சிகிச்சை ஒருவர் செயலன்று, பலர் கூடிச் செய்யும் பணி என்னும் இவ்வுண்மையைப் பொறுப்புச் சட்டம் 'பதிலிப் பொறுப்பு' என்னும் கோட்பாட்டின் வழி ஏற்கிறது. பணியாளர் பணியின்போது செய்த தவற்றுக்குப் பணியமர்த்தியவர் பொறுப்பேற்கவேண்டும் என்பதே அக்கோட்பாடு.

ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சிறந்த சான்று. காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைக்குச் செவிலியர் தவறாகச் செலுத்திய ஊசியால் இதயம் நின்று, மூளை மீளாப் பாதிப்படைந்தது. குழந்தைக்கு ரூ.12.5 லட்சமும் பெற்றோரின் மன வேதனைக்கு ரூ.5 லட்சமும் இழப்பீடாக விதிக்கப்பட்டன. மருத்துவமனை ரூ.12.5 லட்சத்திற்குக் காப்பீடு பெற்றிருந்தது. அத்தொகையைக் காப்பீட்டு நிறுவனமும் எஞ்சியதை மருத்துவமனையும் தருமாறு ஆணையிடப்பட்டது. ஊசி போட்டவரின் கை எதுவாயினும் தொகை நிறுவனத்திடமிருந்தே வரவேண்டும் என்பதும், பத்திரத்தின் வரம்பு முடியும் இடத்தில் மருத்துவமனையின் சொந்தப் பணம் தொடங்கும் என்பதும் இவ்வழக்கில் ஒருசேரப் புலனாகின்றன.

2004ஆம் ஆண்டின் சவிதா கார்க் தீர்ப்பு மேலும் ஒரு படி சென்றது. நிலையான ஊழியராக அன்றி, அழைப்பின் பேரில் வந்து சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் செயலுக்கும் மருத்துவமனை பொறுப்பாகும். எம்மருத்துவர் தவறு செய்தார் எனக் கண்டறிந்து ஒவ்வொருவரையும் வழக்கில் சேர்க்கவேண்டிய சுமை நோயாளிக்கு இல்லை என அது தெளிவுபடுத்தியது. வந்துசெல்லும் சிறப்பு மருத்துவர்களை நம்பி இயங்கும் நர்சிங் ஹோம்களுக்கு இத்தீர்ப்பு முதன்மையானது.

தமிழ்நாட்டில் இப்பொருளில் அடிக்கடி எடுத்தாளப்படும் வழக்கு எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கியது. 1996 ஆகஸ்டில் 29ஆம் வாரத்திலேயே 1,250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தைக்கு, குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் விழித்திரை நோய்க்கான பரிசோதனை உரிய காலத்தில் அறிவுறுத்தப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய ஆணையம் 2009இல் ரூ.5 லட்சம் வழங்கியது. 2015 சூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதனை ஏறத்தாழ ரூ.1.8 கோடியாக உயர்த்தியது. இதில் ரூ.1.7 கோடி அரசின் பங்கு. இரு மருத்துவர்களின் பங்கு ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ரூ.5.4 லட்சம். கொல்கத்தா மருத்துவமனை ஒன்றைப் பற்றிய 2013ஆம் ஆண்டின் குணால் சாகா வழக்கிலும் ஏறத்தாழ ரூ.6 கோடி இழப்பீட்டில் மருத்துவர் மூவரின் பங்கு ரூ.10 லட்சம், ரூ.10 லட்சம், ரூ.5 லட்சம் என வகுக்கப்பட்டு, எஞ்சியது மருத்துவமனை மீது விதிக்கப்பட்டது.

இவ்விரு தீர்ப்புகளின் பங்கீட்டு முறையே இவ்வாய்வின் மையப் புள்ளி. பெருஞ்சுமை நிறுவனத்திற்கும் சிறுசுமை தனி மருத்துவருக்கும் என்பது அறிவார்ந்த பங்கீடு. ஆனால் அரசும் பெருநிறுவனமும் இருக்கும் இடத்தில்தான் இப்பங்கீட்டுக்குப் பொருள் உண்டு. பாவூர்சத்திரம் போன்ற ஊரில் பத்துப் படுக்கை நர்சிங் ஹோமை நடத்தும் மருத்துவர் இரு பங்குகளையும் தாமே ஏற்கவேண்டியவர் ஆகிறார். நிறுவனம் என்னும் பெயருக்குப் பின்னால் நிற்பது அவருடைய வீடும் நிலமுமே. அவை தீர்ப்புத் தொகைக்கு ஈடாகாதபோது, வென்ற நோயாளியும் தோற்றவராகிறார்.

4. காப்பீட்டுப் பத்திரத்தின் அமைப்பு

தொழில்சார் பொறுப்புக் காப்பீடு என்பது, மருத்துவர் தம் தொழிலில் நேர்ந்த கவனக்குறைவால் பிறருக்குச் சட்டப்படி தரவேண்டிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பதாகும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் இதனை வழங்குகின்றன. இந்திய மருத்துவச் சங்கத்தின் சில கிளைகள் உறுப்பினர் பங்களிப்பில் இயங்கும் பாதுகாப்புத் திட்டங்களையும் நடத்துகின்றன. வடிவங்கள் பல என்றாலும், பத்திரத்தின் பயனைத் தீர்மானிக்கும் கூறுகள் நான்கு.

4.1 கோரிக்கை அடிப்படை

வாகனக் காப்பீட்டில் விபத்து நடந்த நாளில் பத்திரம் நடப்பில் இருந்தால் போதும். மருத்துவப் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் அவ்வாறு அன்று. இழப்பீட்டுக் கோரிக்கை வந்து, அது நிறுவனத்திற்குத் தெரிவிக்கப்படும் நாளில் பத்திரம் நடப்பில் இருக்கவேண்டும். அத்துடன், சிகிச்சை நடந்த நாள் பத்திரத்தில் குறித்த 'பின்னோக்கு நாளுக்கு'ப் பிற்பட்டதாகவும் இருக்கவேண்டும். ஒரு மருத்துவர் 2019இல் பத்திரம் எடுத்துத் தொடர்ந்து புதுப்பித்து, 2022இல் பிரீமியம் கட்டத் தவறி, 2023இல் புதிய பத்திரம் எடுத்ததாகக் கொள்வோம். 2021இல் நடந்த அறுவைக்கு 2023இல் அறிவிக்கை வந்தால், புதிய பத்திரத்தின் பின்னோக்கு நாள் 2023 என அமைந்திருக்கும் நிலையில் அவருக்குப் பாதுகாப்பு இல்லை. பல ஆண்டுகள் கட்டிய பிரீமியம் ஓராண்டு இடைவெளியால் பயனற்றதாகிறது.

நுகர்வோர் சட்டத்தில் முறையீட்டுக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஆனால் உடலுக்குள் மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் தீங்குக்கு, அது தெரியவரும் நாளிலிருந்தே காலம் எண்ணப்படலாம் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற கருத்து. ஆகவே தொழிலிலிருந்து ஓய்வு பெறும் மருத்துவரும் உடனடியாகப் பத்திரத்தைக் கைவிடுவது பாதுகாப்பன்று. மருத்துவர் மறைந்தபின் வரும் கோரிக்கை அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது திரும்பக்கூடும்.

4.2 வரம்பும் விகிதமும்

பத்திரத்தில் இரு வரம்புகள் உண்டு: ஒரு நிகழ்வுக்கான உயர் அளவு, ஓராண்டுக்கான மொத்த அளவு. இவற்றுக்கிடையிலான விகிதம் 1:1 முதல் 1:4 வரை அமையும். ஆண்டு மொத்தம் ரூ.1 கோடி, விகிதம் 1:4 எனில் ஒரு வழக்கிற்குக் கிடைக்கும் உயர் அளவு ரூ.25 லட்சமே. முகப்பில் ஒரு கோடி எனக் காணும் மருத்துவர் இதனைக் கருதாமல் போவதுண்டு. மேலும் வழக்கறிஞர் கட்டணம் முதலிய எதிர்வாதச் செலவுகள் பெரும்பாலும் இதே வரம்பிற்குள் அடங்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு பகுதியை மருத்துவரே ஏற்கவேண்டும் என்னும் விதியும் உண்டு.

4.3 விலக்குகள்

குற்றச் செயல், சட்டமீறல், மது அல்லது போதைப் பொருளின் தாக்கத்தில் செய்த சிகிச்சை, அபராதம், சட்டம் விதிக்காத பொறுப்பை ஒப்பந்தத்தால் தாமே ஏற்றுக்கொண்டது ஆகியன பொதுவான விலக்குகள். எடைக்குறைப்பு, அழகுச் சிகிச்சை போன்றவையும் பல பத்திரங்களில் விலக்கப்படுகின்றன. பதிவு பெற்ற துறைக்கு அப்பால் செய்யும் சிகிச்சையும் சிக்கலுக்குரியது. ஓமியோபதிப் பதிவுடையவர் நவீன மருந்துகளைத் தருவதே கவனக்குறைவாகும் என 1996இல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மூலிகை வளத்தால் சித்த மருத்துவம் வேரூன்றியுள்ள குற்றால வட்டாரத்தில், இரு முறைகளும் அருகருகே வழங்கும் சூழலில், எம்மருத்துவர் எப்பதிவின் கீழ் எதைச் செய்கிறார் என்பது காப்பீட்டு நோக்கிலும் வரையறுக்கப்படவேண்டும்.

4.4 நிறுவனப் பத்திரம்

தனி மருத்துவர் பத்திரம் அவருடைய சொந்தச் செயலை மையமாகக் கொண்டது. மருத்துவமனைக்கெனத் தனியே வழங்கப்படும் பத்திரம் செவிலியர், தொழில்நுட்பப் பணியாளர் முதலியோரின் தவறுகளால் நிறுவனத்திற்கு வரும் பொறுப்பையும் உள்ளடக்குவது. படுக்கை எண்ணிக்கையும் நோயாளர் வருகையும் அதன் பிரீமியத்தைத் தீர்மானிக்கும். தம் பெயரில் பத்திரம் வைத்திருப்பதால் மருத்துவமனையும் காப்புப் பெற்றுவிட்டது எனக் கருதும் உரிமையாளர், செவிலியர் ஊசியாலோ வந்துசென்ற மயக்க மருந்து மருத்துவராலோ நேர்ந்த தீங்கு வழக்காகும்போதுதான் இடைவெளியை உணர்வார். வந்துசெல்லும் மருத்துவரின் பத்திர நகலை ஆண்டுதோறும் பெற்றுவைப்பது செலவில்லாத முன்காப்பு.

5. காப்பீடு தொடாத எல்லைகள்

காப்பீடு ஈடுசெய்வது பணத்தை மட்டுமே. சிறைத் தண்டனை, மருத்துவக் குழுமத்தின் பதிவு நீக்கம், ஊராரின் நம்பிக்கை இழப்பு ஆகியன அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

குற்றவியல் பொறுப்பில் 2005 ஆகஸ்ட் 5 அன்று வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வழிகாட்டியாகும். உரிமையியல் இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவு தண்டனைக்குப் போதாது. மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும். வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தைப் பெறாமல் மருத்துவர் மீது மேல்நடவடிக்கை கூடாது. வழக்கமாகக் கைது செய்வதைத் தவிர்க்கவேண்டும் என அது கூறியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை தண்டனை விதிக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததெனில் உயர் அளவு இரண்டாண்டு. காப்பீட்டுப் பத்திரம் குற்றவழக்கின் எதிர்வாதச் செலவை ஏற்குமா என்பது ஒவ்வொரு பத்திரத்தின் சொற்களைப் பொறுத்தது.

வன்முறை மற்றோர் எல்லை. 2008ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணியாளர், மருத்துவ நிறுவனங்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. எனினும் 2012 சனவரியில் தூத்துக்குடியில் பெண் மருத்துவர் ஒருவர் தம் கிளினிக்கிலேயே கொல்லப்பட்டார். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டார். வன்முறைக்கு எக்காரணமும் நியாயமாகாது. அதே வேளையில், துயருற்ற குடும்பத்திற்கு விளக்கமும் விரைவான தீர்வும் கிடைக்கும் வழிகள் அடைபட்டிருப்பதும் சிந்திக்கத் தக்கது. இங்கே பத்திரத்தின் ஒரு நிபந்தனை முரணாக நிற்கிறது. நிறுவனத்தின் இசைவின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ இழப்பீடு பேசவோ கூடாது என்பது பொதுவான விதி. இதனைத் தவறாக உணர்ந்த மருத்துவர், நடந்ததையே குடும்பத்திடம் விளக்காமல் விலகிவிடுகிறார். மருத்துவ நிகழ்வை உள்ளவாறு விளக்குவதும் சட்டப் பொறுப்பை ஒப்புக்கொள்வதும் வேறு வேறு என்னும் தெளிவு இருந்தால், இறுக்கம் பல இடங்களில் தணியும்.

6. பதிவேடு, ஒப்புதல், மொழி

காப்பீட்டு நிறுவனம் எதிர்வாதம் செய்வது நோயாளர் பதிவேட்டைக் கொண்டே. உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் காக்கவேண்டும் எனவும், கோரினால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் எனவும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. இரத்த அழுத்தம் குறித்த நேரம், மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்த நேரம், மேல் சிகிச்சைக்குத் திருநெல்வேலிக்கு அனுப்ப முடிவு செய்த நேரம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருந்தால், 40 கி.மீ. தொலைவும் வாதத்தில் ஒரு சான்றாகும். எழுதப்படாவிடின் உண்மையில் காட்டிய கவனமும் மெய்ப்பிக்க இயலாததாகிவிடும்.

ஒப்புதல் குறித்து 2008ஆம் ஆண்டின் சமிரா கோலி தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. சிகிச்சையின் இயல்பு, நோக்கம், பயன், மாற்று வழிகள், கணிசமான இடர்கள், சிகிச்சை பெறாவிடில் நேரும் விளைவு ஆகியவற்றை அறிந்து தரப்படும் ஒப்புதலே செல்லும். ஒரு செயல்முறைக்குத் தந்த ஒப்புதல் மற்றொன்றுக்கு ஆகாது என்பது அதன் சாரம். நோயறியும் பரிசோதனைக்கு மட்டும் இசைந்த பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயின் ஒப்புதலைப் பெற்று நீக்கியதே அவ்வழக்கு.

இவ்விடத்தில் சிக்கல் மொழியைச் சார்ந்ததாகிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தின் அடியில் பீடி சுற்றும் பெண் ஒருவர் இடும் கையொப்பமோ கைநாட்டோ 'அறிந்து தந்த ஒப்புதல்' ஆகுமா என்னும் வினா தவிர்க்க இயலாதது. 'ரிஸ்க் இருக்கு, கையெழுத்துப் போடுங்க' என்னும் ஒற்றை வாய்மொழி, சமிரா கோலி வரையறுத்த ஆறு கூறுகளில் ஒன்றைக்கூட நிறைவு செய்வதில்லை. தமிழ்ப் படிவங்கள் சில இடங்களில் வழக்கிலுள்ளன. அவற்றிலும் ஆங்கிலச் சொற்றொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த நடையே மிகுதி. படித்துக்காட்டினால் வயலில் உழைக்கும் ஒருவருக்கு விளங்குமாறு, அவ்வட்டார வழக்குச் சொற்களோடு அமைந்த படிவமே சட்டத்தின் கண்ணிலும் வலுவுடையது. காப்பீட்டுப் பத்திரமும் அவ்வாறே. 'பின்னோக்கு நாள்', 'ஆண்டு மொத்த வரம்பு' போன்ற கருத்துகளுக்கு ஒருமித்த தமிழ்க் கலைச்சொற்கள் நிலைபெறவில்லை. மருத்துவத் தமிழ் பற்றிய ஆய்வுகள் உடற்கூறு, நோய்ப் பெயர், மருந்துப் பெயர் ஆகியவற்றில் செலுத்திய கவனத்தை ஒப்புதல், பொறுப்பு, இழப்பீடு ஆகிய சட்டமருத்துவச் சொற்களின் மீதும் செலுத்தவேண்டிய தேவை இங்குப் புலப்படுகிறது.

7. பிற முறைகளும் இந்திய முன்மாதிரியும்

பிரித்தானியாவில் மருத்துவர்கள் தம்முள் கூடி 1885இல் மருத்துவப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1990 முதல் அந்நாட்டு அரசு மருத்துவமனைப் பணியாளரின் பொறுப்பையும், 2019 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் பொது மருத்துவரின் பொறுப்பையும் அரசு ஏற்பாடுகளே சுமக்கின்றன. உரிய காப்பின்றி மருத்துவத் தொழில் செய்ய அங்கு இயலாது. நியூசிலாந்து 1974 முதல் வேறு வழியைப் பின்பற்றுகிறது. தவறு யாருடையது என மெய்ப்பிக்கவேண்டிய தேவையின்றி, தீங்குற்றவருக்குப் பொது நிதியிலிருந்து உதவி கிடைக்கிறது.

இந்தியாவில் மோட்டார் வாகனத்திற்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்தில் அடிபட்டவர் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே தொகை பெறச் சட்டம் வழிசெய்கிறது. மருத்துவத்திற்கு அத்தகைய பொதுக் கட்டாயம் இல்லை. எனினும் பொதுக் காப்புக்கு இங்கும் முன்மாதிரி உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2005 மார்ச் ஆணையை ஒட்டி, குடும்ப நலக் கருத்தடை அறுவைக்கான காப்பீட்டுத் திட்டத்தை நடுவண் அரசு அதே ஆண்டு நவம்பரில் தொடங்கியது. 2013 ஏப்ரலிலிருந்து அது அரசே நேரடியாக ஈடுசெய்யும் திட்டமாயிற்று. மரணம், சிக்கல், அறுவை பயனளிக்காமை ஆகியவற்றுக்கு வழக்கின்றியே தொகை வழங்கப்படுகிறது. அறுவை செய்த மருத்துவருக்கும் ஒரு வழக்கிற்கு ரூ.2 லட்சம் வரை, ஆண்டுக்கு நான்கு வழக்குகள் வரை காப்பு உண்டு. நோயாளிக்கு விரைந்த ஈடும் மருத்துவருக்குக் காப்பும் ஒரே திட்டத்தில் இணையக்கூடும் என்பதற்கு இது சான்று. தொகை சிறிதாயினும் கொள்கை பெரிது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மருத்துவப் பொறுப்பு நிறுவனத்தை நோக்கி நகர்ந்துள்ளது. மருத்துவரும் நிறுவனமும் ஒருவராகவே உள்ள சிற்றூரில் இந்நகர்வு சுமையைப் பகிராமல் இரட்டிப்பாக்குகிறது.

2. தனி மருத்துவர் பத்திரம் சிற்றூர் நர்சிங் ஹோமுக்குப் போதாது. பணியாளரையும் வந்துசெல்லும் மருத்துவர் வழி வரும் பொறுப்பையும் தழுவும் நிறுவனப் பத்திரம், இடைவெளியற்ற புதுப்பிப்பு, மாறாத பின்னோக்கு நாள் ஆகியன இன்றியமையாதவை.

3. பத்திரத்தின் வலிமை பதிவேட்டிலும் ஒப்புதலிலும் உள்ளது. நோயாளிக்கு விளங்கும் தமிழில் அமைந்த ஒப்புதல் படிவம் நெறிக்கும் சட்டத்திற்கும் ஒருங்கே உரிய தேவை.

4. காப்பீடு விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளவரை, பாதிக்கப்பட்டவர் பெறும் இழப்பீடு சட்டத்தைவிட மருத்துவரின் சொத்து நிலையையே சார்ந்திருக்கும். மருத்துவ நிறுவனங்களின் பதிவோடு பொறுப்புக் காப்பீட்டை இணைப்பதும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டச் சிகிச்சைகளுக்கேனும் கருத்தடைத் திட்ட முறையில் பொது ஈட்டு நிதி அமைப்பதும் கொள்கை வகுப்போர் கருதத்தக்கவை.

பாவூர்சத்திரத்தில் நள்ளிரவில் வலியெடுத்த கர்ப்பிணியை ஏற்றுக்கொள்வதா, திருநெல்வேலிக்கு அனுப்பிவிடுவதா என்னும் முடிவு மருத்துவ அறிவால் மட்டுமே எடுக்கப்படவேண்டும். அதை வழக்கின் அச்சம் எடுக்குமாயின் இழப்பு அப்பெண்ணுக்கே. அவ்வச்சத்தைக் குறைக்கும் அளவிற்கும், தீங்கு நேர்ந்தால் அவள் குடும்பத்திற்கு ஈடு உறுதியாகும் அளவிற்கும் காப்பீடு அமைவதே அதன் பயன்.